நம்பர் சுரண்டாத பெட்டி

ரிப்பேருக்கு வரும் சுருதிப் பெட்டிகளில், கம்பெனிப் பெயர்கூட ஒட்டாமல் விற்கிற ரகம் ஒன்று உண்டு. திறந்தால் உள்ளே ஐ.சி. என்கிற சில்லின் தலையை, அதன் நம்பர் தெரியாதபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். நம்பர் தெரிந்தால் நான் இருபது ரூபாய்க்கு வாங்கி மாற்றிப் போட்டுவிடுவேனாம். சில பேர் போர்டு மேலேயே கறுப்பு எபாக்ஸிப் பசையைக் கொட்டி இறுக வைத்துவிடுவார்கள். நாற்பது வருடமாகக் கும்பகோணத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பிழைக்கிறவன் நான். பெட்டியைத் திறந்ததும், செய்தவன் என்ன நினைப்பில் செய்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதனால் இந்த மதிப்புரையை ஓசையிலிருந்து தொடங்கப் போவதில்லை. மூடியிலிருந்து தொடங்குகிறேன்.

பொருளின் பெயர் ஈதர்வேவ் தெரமின். செய்தது அமெரிக்காவில் ஆஷ்வில் என்கிற மலையூர்க் கம்பெனி. கம்பெனியின் பெயரை நம் பக்கத்தில் ‘மூக்’ என்றே சொல்கிறோம். அந்தக் குடும்பத்தார் தங்கள் பெயரை உச்சரித்தது ‘மோக்’ என்று. என் அண்ணனுக்கு இரண்டும் வேண்டாம். “உன் மூக்குப் பெட்டி எப்படிடா இருக்கு?” என்றுதான் கேட்பார். தவில்காரர், வாய் அப்படி.

2008இல் மகள் ராலே நகரத்திலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தாள். விலையைக் கேட்டதற்கு “அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா” என்றாள். மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். “400 டாலருக்குள்ளதான் மாமா” என்றார். பதினாறு பதினேழு வருடம் வைத்துப் புழங்கிவிட்டு எழுதுகிறேன். வாங்கிய மறுவாரம் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன், கொஞ்சம் கோபமாகவே.

தெரமின் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைத் தொட்டு வாசிப்பதில்லை. ஒரு மரப்பெட்டி. வலது பக்கம் நேராக நிற்கும் ஒரு கம்பி, இடது பக்கம் படுக்கையாக ஒரு வளையம். வலது கையைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும். இடது கையை வளையத்தின் மேல் இறக்கினால் சத்தம் அடங்கும், தூக்கினால் கூடும். வீணை மாதிரி மெட்டு கிடையாது, குழல் மாதிரி துளை கிடையாது, ஆர்மோனியம் மாதிரி கட்டை கிடையாது. காற்றில் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மகள் வாங்கிவந்தது கிட், அதாவது நாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய தொகுப்பு. நான் கிட் என்றதும் உதிரிகள் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வரும், உட்கார்ந்து சால்டர் வைக்கலாம் என்று ஆசையாக இருந்தேன். அதில் சின்ன ஏமாற்றம். சர்க்யூட் போர்டு முழுசாகச் செய்து சோதித்தே வந்திருந்தது. பெட்டி மட்டும் பாலிஷ் போடாத வெறும் மரம். அதைத் தேய்த்து, பூசி, போர்டை உள்ளே முடுக்கி, கம்பிகளை இணைத்து, காயில்களைத் திருப்பிச் சரிசெய்வது நம் வேலை.

பெட்டியைத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் வீணைக் குடத்துக்குப் பாலிஷ் போட்டுப் பழகிய கை. இரண்டு நாள் கழித்துப் போனால், நாலு மூலைக்கும் பித்தளைத் தகடு வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். “சும்மா கட்டை மாதிரி இருக்கு, அழகா பண்ணித் தர்றேன்” என்றார். உலோகம் எதுவும் கூடாது, பெட்டியே கெட்டுவிடும் என்று விளக்கி அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள், நானே பெட்டி செய்திருக்கலாம். கடைசிவரைக்கும் அவர் நம்பவில்லை. தகடு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறேன் என்றே நினைத்தார்.

அப்புறம் மூடியைத் திறந்து போர்டை நிதானமாகப் பார்த்தேன். ஒரு நம்பரையும் சுரண்டவில்லை. டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர், எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கைநிறைய அள்ளித் தருகிற சாதாரணச் சரக்கு. ஒவ்வொரு ரெசிஸ்டருக்குப் பக்கத்திலும் அதன் எண் அச்சாகியிருக்கிறது. இது போதாதென்று ஒரு கையேடு. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த பாப் மோக் தானே உட்கார்ந்து எழுதியது. முழுச் சுற்றுப்படம், எந்தப் பகுதி என்ன செய்கிறது, எந்த ரெசிஸ்டரை மாற்றினால் என்ன ஆகும், தொனியை உன் இஷ்டத்துக்கு எப்படித் திருத்தலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. விற்கிற ஆளே “திறந்து பார், மாற்றிப் பார்” என்று எழுதிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வேலை செய்யும் விதம் பழைய ரேடியோ மெக்கானிக்குக் கதை மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு ஆசிலேட்டர், அதாவது மின் அலை எழுப்பும் சுற்று, இரண்டும் சுமார் 285 கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஒன்று அசையாது. இன்னொன்று அந்தக் கம்பியோடு இணைந்திருக்கும். ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங்கு கண்டென்சர் மாதிரிதான், நம் கை ஒரு தகடு, கம்பி இன்னொரு தகடு. கை அசைவில் அந்தக் கண்டென்சரின் கொள்ளளவு மாறுவது ஒரு பிகோஃபாரட்கூட இல்லை. அந்தத் துளி மாற்றத்தில் இரண்டாவது ஆசிலேட்டர் கொஞ்சம் நகரும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குச் சுரமாகக் கேட்கும். சத்தத்துக்கான வளையம் தனி ஆசிலேட்டர், சுமார் 450 கிலோஹெர்ட்ஸ். நம் மீடியம் வேவ் ரேடியோ உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண், ஐ.எஃப்., 455 அல்லவா, அதற்கு அடுத்த வீடு.

வால்வு செட் காலத்தில், ஒழுங்காக ஆலைன்மென்ட் ஆகாத ரேடியோவின் காயில் பக்கம் கையைக் கொண்டுபோனால் ‘கூய்’ என்று விசிலடிக்கும். கையை எடுத்தால் சத்தம் இறங்கும். எங்களுக்கு அது ஒரு சனியன். தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் அந்த விசிலைக் கேட்டால் தலையில் குட்டுவார். அதே விசிலைத்தான் லெவ் தெர்மன் என்கிற ரஷ்ய இயற்பியல்காரர் 1920 வாக்கில் பெட்ரோகிராடில் வாத்தியமாக்கினார். வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார், கை அருகே போனால் அதன் ஓசை மாறுவதைக் கவனித்தார். அவர் செல்லோ வாசிப்பவர், அதனால் அது விசிலாகக் கேட்கவில்லை போல. 1922இல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். 1927இல் நியூயார்க் போனார். 1929இல் ஆர்.சி.ஏ. என்கிற அமெரிக்க ரேடியோக் கம்பெனி உரிமம் வாங்கிச் சுமார் 500 பெட்டி செய்தது. விலை 175 டாலர், வால்வும் ஒலிபெருக்கியும் தனி.

அந்த 500 பெட்டியும் சரியாகப் போகவில்லை. பங்குச் சந்தை கவிழ்ந்த அதே வருடக் கடைசி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் விளம்பரம். பாட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர் எவரும் இதை வாசிக்கலாம் என்று போட்டார்கள். அந்த வாக்கியத்தை எழுதிய ஆள் தெரமின் முன்னால் பத்து நிமிடம் நின்றிருக்க மாட்டார். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

நான் முதலில் நின்றது பத்து நிமிடம் இல்லை, பத்து நாள். ஓசையே சரியாக வரவில்லை. இங்கே என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். கூட வந்த எலிமினேட்டர், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டர், அமெரிக்க 110 வோல்ட்டுக்கானது. நம் 230இல் சொருகினால் அவ்வளவுதான். சென்னை போனபோது ஒரு கடையில் “14 வோல்ட் எலிமினேட்டர்” கேட்டேன், கொடுத்தார்கள், நானும் பார்க்காமல் வாங்கிவந்தேன். அது கொடுப்பது டி.சி.தான். ஈதர்வேவுக்கு வேண்டியதோ ஏ.சி. உள்ளேயே அது ஏ.சி.யைப் பிரித்துக் கூட்டல் 12, கழித்தல் 12 என்று இரண்டு சப்ளை எடுத்துக்கொள்கிறது. டி.சி. கொடுத்தால் ஒரு பக்கம் பட்டினி. நாற்பது வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தது நாலாம் நாள். பிறகு 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எடுத்து, நடு முனையும் ஒரு ஓரமும் மட்டும் இணைத்து, டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். இன்றுவரைக்கும் அந்த ஏற்பாடுதான்.

இரண்டாவது கோளாறு எர்த். பேட்டரி ஆம்ப்ளிஃபயரில் போட்டால் சுரம் இழுத்த பக்கமெல்லாம் போகிறது, கையை வைத்த இடத்தில் நிற்கவில்லை. எர்த் இல்லாத பெட்டிக்கு நம் உடம்பு எந்தக் கணக்கிலும் வராது. கடையின் எர்த் குழியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஆடியோ ஜாக்கின் வெளிப்பக்கத்தோடு சேர்த்தேன். பிறகுதான் தெரமின் தெரமினாக ஆனது. வாங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஊசி பிளக்கில் மூன்றாவது ஊசிக்குப் பின்னால் நிஜமாகவே ஒயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் அது பல இடங்களில் அலங்காரத்துக்கு.

இனி சில்லறை விஷயங்கள். ஆன் செய்து கால் மணி நேரமாவது விட வேண்டும், சூடேறும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழை நாளில் ஒரு தடவை, பங்குனி வெயிலில் ஒரு தடவை என்று பிட்ச் குமிழைத் தொட வேண்டியிருக்கும். தலைக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் சுரம் லேசாக நடுங்கும், பிளேடு தகரம் இல்லையா. பின்னால் யாராவது நடந்துபோனாலும் மாறும். வீட்டுக்காரி பட்டுப்புடவையோடு குறுக்கே போனபோது ஒரு கல்யாணி நடுவில் மத்தியமம் புரண்டது. “சரிகைக்காக இருக்குமோ?” என்றாள். சரிகை இல்லை, ஆள். அதை நான் சொன்ன விதம் சரியில்லை என்று அன்றைக்கு ராத்திரி தெரிந்தது.

காயில் திருப்ப உலோகத் திருப்புளி வைக்காதீர்கள், திருப்புளியே காயிலின் கணக்கை மாற்றிவிடும். ரேடியோவின் ஐ.எஃப். காயில்களைத் திருப்ப வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் திருப்புளி என்னிடம் இருந்தது. திருப்பும்போது உங்கள் கையும் ஒரு கண்டென்சர்தான் என்பதால், திருப்பி, விலகி நின்று, கேட்டு, மறுபடி திருப்பி என்று பொறுமையாகப் போக வேண்டும்.

மோக் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. வீணையில் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மெட்டுகள் நெருங்கும் அல்லவா? தெரமினில் கம்பியை நெருங்க நெருங்க அதே கதை, இன்னும் மோசமாக. கடைசி ஸ்தாயி முழுக்க ஒரு விரல்கடைக்குள் போய்விடும். அவர் கம்பிக்கு முன்னால் வரிசையாகச் சோக் காயில்களை வைத்து அந்த இடைவெளிகளை ஓரளவு சமமாக்கியிருக்கிறார். போர்டில் பார்த்தால் தடித்தடியாக நிற்பவை அவைதான். செலவைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். இங்கே தூக்கவில்லை. ஸ்தாயி மூன்று என் கைக்குச் சுமாராக எட்டுகிறது.

இப்போது வாசிப்பு. என் அப்பா நாகசுரக் கோஷ்டியில் ஒத்து ஊதியவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒத்து என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாகசுரம் மாதிரியே நீளமான குழல், ஆனால் விரல் துளை கிடையாது. ஒரே சுரம். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கி, சாமி புறப்பாடு முடியும்வரை அந்த ஒரே சட்ஜத்தை அறுந்துபோகாமல் ஊத வேண்டும். கோஷ்டியில் கூலி குறைவு, பெயர் யாருக்கும் தெரியாது. அடியில் இருக்கும் துளைகளில் மெழுகு அப்பிச் சுருதி சேர்ப்பார். நான் மெழுகு உருட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அவரை வீட்டில் உட்கார வைத்தது எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. பெங்களூரில் ராஜ் நாராயண் என்று ஒரு இன்ஜினியர், புல்லாங்குழலும் வாசிப்பவர், 1970களின் கடைசியில் எலக்ட்ரானிக் தம்புரா செய்தார். ரேடல் என்ற பெயரில் அது சின்னப் பட்டறையிலிருந்து பெரிதாக வளர்ந்தது. அதன் பிறகு ஊருக்கு ஊர் பெட்டிகள் வந்தன. கொஞ்ச வருடத்தில் எங்கள் பக்கத்துக் கோஷ்டிகளில் ஒத்துக்காரர் இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்தது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிசம் படித்த அவர் மகன் அந்தப் பெட்டிகளை ரிப்பேர் செய்து சம்பாதித்தான். அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரிப்பேர் முடிந்து நான் பெட்டியைச் சோதிக்கும்போது, திண்ணையில் இருந்தபடியே “பஞ்சமம் கொஞ்சம் கம்மி” என்பார். சரியாக இருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரமின் வந்த புதிதில் நான் நினைத்தது கமகம், சுரத்தை அசைத்து வாசிப்பது, கஷ்டமாக இருக்கும் என்று. தலைகீழ். தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டுமா, கை தானாக அசையும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாரு வேண்டுமா, வேண்டாம் என்றாலும் வரும். நிற்பதுதான் முடியவில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முதல் பாடம், ச ரி க ம, குழந்தை பாடுவது, அதை ஒழுங்காக வாசிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. சட்ஜத்தில் நாலு எண்ணிக்கை அசையாமல் நிற்க, மூச்சை நிறுத்திப் பார்த்தேன், முழங்கையை இடுப்போடு கட்டிப் பார்த்தேன். நாடித்துடிப்பே கேட்கிறது. அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் திண்ணையிலிருந்து என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், எழுதத்தான் முடியாது.

சுரத்துக்குச் சுரம் வழுக்காமல் போகவும் ஒரு வித்தை உண்டு. நாகசுரத்தில் துத்துக்காரம் என்பார்கள், நாக்கால் காற்றை வெட்டுவது. இங்கே நாக்கின் வேலையை இடது கை செய்ய வேண்டும். வலது கை இடம் மாறுகிற கண்ணிமைப்பில் இடது கை சத்தத்தை அமுக்கி விட வேண்டும். கிளாரா ராக்மோர் என்கிற அம்மாள் இதில் பெரிய கை. சின்ன வயதில் வயலினில் பேர் வாங்கியவர், கைக்கோளாறால் வயலினை விட வேண்டியதாகி, தெர்மனின் பெட்டிக்கு வந்தார். மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும், இடது கைக்கு இன்னும் வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தெர்மனிடம் கேட்டு வாங்கினார். வயலின் விரலடி மாதிரியே காற்றில் விரலை மடக்கி நீட்டி வாசிக்கும் முறையை உண்டாக்கினார். அவர் வாசித்த காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானும் விரல்களைப் பழக்கினேன். கை முழுவதையும் ஆட்டுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

மோக்கின் கதையும் ஒரு தெரமினில்தான் தொடங்குகிறது. 1949இல், பதினாலு வயதில், நியூயார்க் குவீன்ஸ் பகுதி வீட்டில் முதல் தெரமினைச் செய்தார். அப்பா ஜார்ஜ் மின்சாரக் கம்பெனி இன்ஜினியர், வீட்டு நிலவறையில் பட்டறை வைத்திருந்தவர். அம்மாவுக்குப் பையன் பியானோ வாசிக்க வேண்டும். பையன் பியானோவை முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவான். 1954இல் ஒரு ரேடியோ பத்திரிகையில் தெரமின் செய்வது எப்படி என்று கட்டுரை எழுதினார், அதே வருடம் அப்பாவும் பையனுமாகத் தொழில் தொடங்கினார்கள். 1961இல் டிரான்சிஸ்டர் தெரமின் கிட். மெலோடியா என்று பெயர், விலை 49.95 டாலர். பாட்டா செருப்பு விலை மாதிரி. இத்தாக்காவில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டே, குடியிருந்த வீட்டிலிருந்து சுமார் 1000 கிட் விற்றார்.

அந்த ஆயிரம் பேரில் ஒருவர் ஹெர்பர்ட் டாய்ச், சங்கீத வாத்தியார். மெலோடியா கிட்டைச் சேர்த்து, பிள்ளைகளுக்குக் காதுப் பயிற்சி கொடுக்க வைத்திருந்தார். 1963 கடைசியில் ராசெஸ்டரில் நடந்த சங்கீத ஆசிரியர் மாநாட்டில், கடை போட்டிருந்த மோக்கிடம் போய்ப் பேசினார். மறுவருடம் டிரமன்ஸ்பர்க் என்கிற சிற்றூரின் கடைத்தெருப் பட்டறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்ததுதான், மின்சாரத்திலேயே ஓசையை உண்டாக்கும் மோக் சிந்தசைசரின் முதல் வடிவம். சுரம் எழுவதும் அடங்குவதும் விசைக்குள் வர வேண்டும் என்று டாய்ச் கேட்டாராம். மோக் அவரை எதிர் இரும்புக் கடைக்கு அனுப்பி ஒரு காலிங்பெல் பொத்தான் வாங்கிவரச் சொன்னாராம். வாங்கிவந்த பொத்தானை வைத்தே முதல் சோதனை நடந்தது. இந்தக் கதையைப் படித்தபோது நான் கடையில் தனியாகச் சிரித்தேன். எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பாமல் எந்தப் பட்டறை ஓடியிருக்கிறது?

டிரமன்ஸ்பர்க்கிலிருந்து போன பெட்டிகளில் ஒன்று நம் நாட்டுக்கும் வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் வந்து மோக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் முதலான சிலர் அதில் வேலை செய்தார்கள். அதே சமயத்தில் எங்கள் தெருவில் மொத்தம் மூன்று ரேடியோ.

2013இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஆஷ்வில் கூட்டிப்போகச் சொன்னேன். ராலேயிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். நயாகரா பார்க்கலாம் என்று மருமகன் சொல்லிப் பார்த்தார். தொழிற்சாலை என்றதும் பெரிதாக எதிர்பார்த்துப் போனேன், இருந்தது நீளமான கூடத்தில் மேசைகள். ஒரு பெண் தெரமின் முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டுவதும் மடக்குவதுமாகச் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய காபி, ஒரு பிளாஸ்டிக் திருப்புளி. என்னிடம் இருக்கும் அதே ஜாதித் திருப்புளி. மோக் 2005இலேயே காலமாகிவிட்டார். கம்பெனியை 2023இல் இன்மியூசிக் என்ற பெரிய குழுமம் வாங்கிவிட்டது என்று படித்தேன். அந்த மேசைகள் இப்போது எப்படி இருக்கும் என்று யோசிப்பதுண்டு.

நீடித்து உழைக்குமா என்று கேட்பீர்கள். 2018இல் கஜா புயல் அடித்து, நாலைந்து நாள் இருட்டுக்குப் பிறகு மின்சாரம் வந்த அன்று, நான் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவிலிருந்து புகை வந்தது. ஃபியூஸ் வைக்காதது என் சோம்பேறித்தனம். தெரமினுக்குள் ஒரு ரெகுலேட்டர் போய்விட்டது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது, கடையிலேயே சரக்கு இருந்தது, இருபது நிமிட வேலை. அன்றைக்கே அதே மேசையில், எபாக்ஸி கொட்டிய ஒரு சுருதிப் பெட்டியை “ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஒரு நாகசுரக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். மூவாயிரம் ரூபாய்ப் பொருள். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இதைத் தவிர இத்தனை வருடத்தில் ஒரு குமிழ் கரகரத்தது, கிளீனர் அடித்ததும் சரியாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. அடியில் மைக் ஸ்டாண்டில் நிற்கிற அமைப்பு, நம் ஊர்ச் சல்லிசான ஸ்டாண்டில் வைத்தால் தள்ளாடும். கனமான அடிக்கட்டை வாங்குங்கள். சத்த வளையத்தின் அசைவு இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கலாம், வேகச் சங்கதியில் என் துத்துக்காரம் மழுங்குகிறது. இதில் கைக்குற்றம் எவ்வளவு, பெட்டிக் குற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் வித்துவான் இல்லை. கமகத்துக்கு அவ்வளவு இடம் தருகிற வாத்தியம், ஆனால் கச்சேரி மேடைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்தில் மிருதங்கக்காரர் உற்சாகமாகக் கை வீசினால் உங்கள் நிஷாதம் அவர் கையில்.

கிட் இப்போது தயாரிப்பில் இல்லை. பழையதாகத் தேடினால் கிடைக்கலாம். புதிதாக முழுசாகச் செய்து விற்கிற ஈதர்வேவும் உண்டு, 2020இல் தெரமினின் நூறாம் ஆண்டுக்காகக் கிளாரா பெயரில் கிளாராவாக்ஸ் என்று விலை கூடிய ஒன்றும் வந்தது. இரண்டையும் நான் தொட்டதில்லை, அதாவது தொடாமல் வாசித்ததில்லை. நான் வைத்திருக்கும் பழைய கிட்டுக்கு, வாத்தியம் என்ற வகையில் பத்துக்கு ஏழு. திறந்து பார்க்கிற பெட்டி என்ற வகையில் பத்துக்குப் பத்து.

பழையது யாருக்காவது மாட்டி, ஓசை வராமல் தவித்தால், முதலில் ஏ.சி.யா டி.சி.யா பாருங்கள், அடுத்து எர்த். அதற்கும் மசியாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகாமகக் குளம் பக்கம் வந்து பழைய ரேடியோக் கடை எது என்று கேளுங்கள். சுற்றுப்படம் என்னிடம் இருக்கிறது. ஜெராக்ஸ் காசு மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். செவ்வாய்க்கிழமை கடை லீவு.